சேசிஸ் மாப்பிள்ளை

கல்யாணத்துக்கு முன்னால் என் மாமனாரிடம் வேலையைப் பற்றி நான் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்தான். "ஹோசூர் லாரி ஃபேக்டரியில டெலிவரி செக்‌ஷன்." அதில் பொய் என்று தனியாக எடுத்துக் காட்ட ஒரு வார்த்தை கிடையாது. ஹோசூர் உண்மை, லாரி உண்மை, ஃபேக்டரி உண்மை. டெலிவரியை நானேதான் செய்தேன். செக்‌ஷன் என்ற சொல் மட்டும் கொஞ்சம் என் கைச்சரக்கு.

அவர் ஏதோ ஒரு அரசாங்க ஆபீசில் தபால் அனுப்பும் பிரிவில் கிளார்க். விவேக் நகர் வீட்டில், மனைவி வைத்த காபியை என் பக்கம் நகர்த்திவிட்டு, "அப்ப நம்ம லைன்தான்னு சொல்லுங்க" என்று முகம் மலர்ந்தார். "பேப்பர்ஸ் எல்லாம் நீங்கதான் பாப்பீங்களா?"

"பேப்பர்ஸ் எல்லாம் என் கையிலதான் மாமா இருக்கும்" என்றேன்.

இதுவும் உண்மை. வண்டிக்குரிய காகிதங்களைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, பனியனுக்கும் சட்டைக்கும் நடுவே வைத்துக்கொண்டுதான் ஓட்டுவேன். இல்லாவிட்டால் காற்றில் போய்விடும்.

மாதா கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை கல்யாண ஓலை வாசித்தார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று சாமியார் சொன்ன மூன்று தடவையும் நான் குனிந்து என் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெரிந்தவன் ஒருவன்தான், அவன் நான். நான் எழுந்திருக்கவில்லை.

நான் செய்த வேலை இதுதான். அந்தக் காலத்தில் லாரி ஃபேக்டரியிலிருந்து லாரியாக வெளியே வராது. இன்ஜின், சக்கரங்கள், நீளமாக இரண்டு இரும்புச் சட்டம், ஸ்டியரிங், முன்னால் இடுப்பளவுக்குத் தகரம், அதில் இரண்டு விளக்கு. அவ்வளவுதான். கேபின், கதவு, கண்ணாடி, கூரை எதுவும் கிடையாது. டிரைவர் சீட்டுகூடக் கிடையாது. அதையெல்லாம் வாங்குகிறவர் தன் விருப்பப்படி ஏதாவது ஒரு ஷெட்டில் மரத்தாலும் தகரத்தாலும் கட்டிக்கொள்வார்; பாடி கட்டுவது என்பார்கள். அதுவரைக்கும் அதற்கு சேசிஸ் என்று பேர். இந்த எலும்புக்கூட்டை ஃபேக்டரி கேட்டிலிருந்து டீலர் யார்டு வரைக்கும் ரோட்டில் ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்க்க ஒரு கான்ட்ராக்டர் இருந்தார். அவரிடம் நாங்கள் டிரைவர்களாக இருந்தோம். ஐந்தாறு வண்டியாக வரிசை கட்டிப் போவோம். பெங்களூருக்குப் போவதுதான் அதிகம். சில நாள் ஹுப்ளி, சில நாள் மங்களூர்; கல்யாணமான பிறகு ராத்தங்க வேண்டிய அந்த வண்டிகளை நான் தட்டிக்கழித்துவிட்டேன்.

சீட் இல்லாததால் ஆளுக்கொரு பலகை. அதைச் சட்டத்தின் மேல் போட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, கோணிப்பையை நாலாக மடித்துப் போட்டு உட்கார்ந்தால் அதுதான் சிம்மாசனம். மேலே பாரம் இல்லாத வண்டி, ஒவ்வொரு குழியிலும் கன்றுக்குட்டி மாதிரி துள்ளும். கால் பக்கம் இன்ஜின் வேகும், முதுகுப் பக்கம் காற்று விறைக்கும். ஒரே உடம்பில் மே மாதமும் டிசம்பரும். குரங்குக் குல்லாய், வெல்டிங் கடையில் வாங்கிய கண்ணாடி, மூக்கைச் சுற்றி ஒரு துண்டு, மேலே பழைய காக்கிக் கோட்டு. இதைப் போட்டுக்கொண்டால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த அம்சம் அதுதான்.

நாங்கள் போகும்போது பஸ்ஸில் இருக்கிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். சிக்னலில் நின்றால் யாராவது ஒருத்தர் கட்டாயம் கேட்பார், "மீதி லாரி எங்கப்பா?" முதல் வருஷம் நான் பொறுமையாகப் பதில் சொன்னேன். இரண்டாம் வருஷம், "பின்னாடி வருது" என்று சொல்லப் பழகிவிட்டேன்.

கல்யாணத்துக்கு மாமனார் எனக்கு பிஸ்கட் கலரில் சஃபாரி சூட் எடுத்துத் தைத்துக் கொடுத்திருந்தார். ஆபீசர் வேலைக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்றாராம். நீலசந்திராவில் எங்கள் ஒற்றை அறை வீட்டிலிருந்து தினமும் காலையில் நான் அதைப் போட்டுக்கொண்டு, கையில் ரெக்சின் பையோடு புறப்படுவேன். மடிவாளாவில் எனக்குப் பழக்கமான டீக்கடை ஒன்று இருந்தது. அதன் பின்பக்கம் போய் சஃபாரியைக் கழற்றி, மடித்து, ஆணியில் மாட்டிவிட்டு, உள்ளே போட்டிருக்கும் சட்டை மேலேயே காக்கியை மாட்டிக்கொண்டு, அங்கே சாத்தி வைத்திருக்கும் என் பலகையைத் தூக்கிக்கொண்டு ஹோசூர் பஸ் ஏறுவேன். சாயங்காலம் வண்டியை ஒப்படைத்துவிட்டு, பலகையோடு திரும்பி வந்து, முகம் கழுவி, மறுபடியும் ஆபீசராகி வீட்டுக்குப் போவேன். திருடன்கூட இவ்வளவு ஒழுங்காக உடை மாற்றமாட்டான்.

என் மனைவி பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸில் டெய்லர். ஹோசூர் ரோட்டிலேயே கேட். வாரத்தில் நாலு நாள் நான் அந்தக் கேட்டைத் தாண்டித்தான் வண்டி ஓட்டினேன். குல்லாய் இருக்கிற தைரியத்தில், தாண்டும்போது ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே போவேன். இப்படி மூன்று மாதம் ஓடியது. நான் ரொம்பக் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வரிசைக்கு லீடர் ஒருவன் உண்டு. முதல் வண்டி அவனுடையது. என்னைவிட மூன்று வயது சின்னவன், எங்கள் ஏரியாக்காரன், வீட்டில் உருது, வெளியே எல்லா பாஷையும். டீக்கடையில் ஒரு நாள் என் சஃபாரியைப் பார்த்துவிட்டான். விஷயத்தைக் கேட்டுச் சிரித்துச் சிரித்துப் புரையேறி, அன்றிலிருந்து எனக்கு 'ஆபீசர் சாப்' என்று பேர் வைத்தான். கேட்டில் செக்யூரிட்டி வரைக்கும் அந்தப் பேர் பரவிவிட்டது.

அது ஜூன் மாதம். ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. அவர் தன் குடையைக் கொடுத்தார். சாதாரணக் குடை இல்லை. நீளக் கம்பு, வளைந்த கைப்பிடி, அதில் வெள்ளை பெயிண்டில் அவருடைய இனிஷியல். ஆபீசில் இருபது வருஷமாக யாரும் தூக்கிப் போகாமல் காப்பாற்றி வந்த குடை. "பத்திரம் மாப்ளே, திருப்பிக் குடுத்துடணும்" என்று இரண்டு தடவை சொன்னார். திங்கட்கிழமை காலையிலும் தூறல். மனைவி அந்தக் குடையை என் கையில் திணித்தாள். ஆபீசர் நனையக் கூடாது இல்லையா.

அன்று ஆறு வண்டி, பெங்களூர் டீலருக்கு. கேட்டை விட்டு வெளியே வரும்போதே மேகம் இறங்கிவிட்டது. நனைவது எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் கையில் ஒரு குடை இருக்கும்போது நனைவது முட்டாள்தனமாகப் பட்டது. பலகையைக் கட்டியிருந்த கயிற்றிலேயே குடையின் கைப்பிடியைச் செருகி, என் முதுகோடு ஒட்டி நிற்கும்படி நிமிர்த்தி, நாலு முடிச்சுப் போட்டு, விரித்தேன். தலைக்கு மேல் அழகாக நின்றது. இத்தனை வருஷம் இது யாருக்கும் தோன்றவில்லையே என்று மற்றவர்களைப் பரிதாபமாகப் பார்த்தேன்.

லீடர் தன் வண்டியிலிருந்து திரும்பிப் பார்த்தான். "அரே பாய், கழட்டுங்க. காத்து தூக்கிடும்."

"மெதுவாத்தான் வருவேன். நீ போ."

"தூக்கினா நான் பொறுப்பு இல்ல, ஆபீசர் சாப்" என்று சொல்லிவிட்டு கியர் போட்டான்.

அத்திபெலே செக்போஸ்ட் வரைக்கும் ராஜா மாதிரி வந்தேன். சந்தாபுரத்தில் ஒரு கிழவர் சைக்கிளை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டார். கேலியா நிஜமா என்று தெரியவில்லை, நானும் தலையை ஆட்டினேன். எலக்ட்ரானிக் சிட்டி தாண்டியதும் ரோடு கொஞ்சம் காலியாக இருந்தது. என் கால் தானாக அழுத்திவிட்டது.

பொம்மனஹள்ளிக்குள் நுழையும்போது எதிரே ஒரு பஸ் வேகமாக வந்து உரசுகிற மாதிரி தாண்டியது. அதன் காற்று என் குடைக்குள் புகுந்தது. குடை முதலில் மேல்பக்கமாகத் திருப்பிக்கொண்டது. பிறகு நாலு முடிச்சையும் அவிழ்த்துக்கொண்டு, கயிற்றையும் இழுத்துக்கொண்டு, வானத்தில் ஏறியது. கயிறு போனால் பலகை நிற்குமா? அதுவும் எனக்கு அடியிலிருந்து நழுவியது. நான் உட்கார இடமில்லாமல், ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அரை நிற்பும் அரைத் தொங்கலுமாக பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது. பின்னால் வந்த நாலு வண்டியும் கிறீச்சிட்டு நின்றன. நின்ற இடத்தில் நிமிர்ந்து பார்த்தால், கார்மென்ட்ஸ் கேட்.

மணி ஐந்தரை. ஷிஃப்ட் விட்டு நூற்றுக்கணக்கான பெண்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

குடை நிதானமாக இறங்கி, ரோட்டில் இரண்டு குட்டிக்கரணம் போட்டு, அவர்கள் காலடியில் போய் விழுந்தது. முதலில் ஒரு அலறல், பிறகு பெரிய சிரிப்பு. கூட்டத்திலிருந்து ஒருத்தி குனிந்து அதை எடுத்தாள். கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். என் மனைவி.

எனக்கு ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் ஆறு டன் இரும்பு ரோட்டை மறித்துக்கொண்டு நிற்கிறது. அதற்குள் ட்ராஃபிக் போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டே வந்துவிட்டார். வண்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பாடி எங்கே என்று கன்னடத்தில் கேட்டார்.

"ஏன்ரீ இது? பாடி எல்லி?"

நான் வாயைத் திறந்தால் மனைவிக்குக் குரல் தெரிந்துவிடும். குல்லாய்க்கும் கண்ணாடிக்கும் துண்டுக்கும் பின்னால் இருந்துகொண்டு ஒரு கணம் யோசித்தேன். என் வாழ்க்கையில் எடுத்த மிக மோசமான முடிவுகளில் ஒன்றை அப்போது எடுத்தேன். குரலைக் கனமாக்கிக்கொண்டு இந்தியில் பேசினேன்.

"சாப்... ஹவா. பஹுத் ஹவா."

காற்று, ரொம்பக் காற்று. எனக்குத் தெரிந்த இந்தி அதோடு முடிந்தது. கையை வானத்தை நோக்கி ஆட்டி மீதியை விளக்கினேன். போலீஸ்காரர் சந்தேகமாகப் பார்த்தார். வடக்கேயிருந்து லாரியைத் திருடிக்கொண்டு வந்தவன் என்று நினைத்தாரோ என்னவோ, பேப்பரைக் கேட்டுக் கையை நீட்டினார்.

அதற்குள் முன்னால் போயிருந்த லீடர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஓடிவந்தான். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, ரோடு முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னான்.

"க்யா ஆபீசர் சாப், நீலசந்திராவுல பொறந்து வளந்த ஆளு, திடீர்னு இந்தி பேசறீங்க?"

மனைவி குடையிலிருந்து தலையைத் தூக்கினாள். என் வெல்டிங் கண்ணாடியையே பார்த்தாள். நான் கண்ணாடிக்குள் கண்ணை மூடிக்கொண்டேன். சின்னக் குழந்தைகள் அப்படித்தான் ஒளிந்துகொள்ளும்.

போலீஸ்காரர் அவளிடம் திரும்பி, குடை உங்களுடையதா என்று கேட்டார். "ஏனம்மா, கொடெ நிம்தா?"

"ஹவுது சார். நம்ம மனே கொடெ."

"மத்தெ இவரு?"

அப்படியானால் இவர் யார் என்கிறார். அவள் குடையை உதறி மடக்கப் பார்த்தாள். அந்த இடைவெளியில் எனக்கு மூன்று மாதக் கல்யாண வாழ்க்கை முழுவதும் ஓடி முடிந்தது. பிறகு நிதானமாகச் சொன்னாள்:

"இவரூ நம்ம மனேயவரே சார்."

நம்ம வீட்டுக் குடை, இவரும் நம்ம வீட்டுக்காரர்தான். தமிழில் மாதிரியே கன்னடத்திலும் புருஷனை அப்படித்தான் சொல்வார்கள். கேட்டில் நின்ற அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் கை தட்டினார்கள். போலீஸ்காரரே சிரித்துவிட்டு, பேப்பரைப் பார்க்காமலேயே கையைக் காட்டி அனுப்பினார். ஒருத்தி பின்னாலிருந்து கத்தியது மட்டும் நன்றாகக் காதில் விழுந்தது: "அக்கா, உன் சேசிஸ் மாப்ளேக்கு பாடி கட்டி விடு, பாவம் நனையறாரு!"

லீடர் என் பலகையைப் பொறுக்கிக்கொண்டு வந்து, அவனே கட்டிக் கொடுத்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்ததில் அவன் தோள் குலுங்கியது.

அன்று நான் டீக்கடைக்குப் போய் சஃபாரி மாற்றவில்லை. எதற்கு? காக்கிக் கோட்டோடும் பலகையோடும் நேராக வீட்டுக்குப் போனேன். மனைவி எனக்கு முன்பே வந்து, அரிசி களைந்துகொண்டிருந்தாள். குடை மூலையில் சாய்ந்திருந்தது, இரண்டு கம்பி முறிந்து. என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்து நீட்டினாள்.

"மூணு மாசமா உங்க சட்டையத் தோய்க்கிறேன்" என்றாள். "காலருக்குள்ள வெட்டுக்கிளி செத்துக் கெடக்குது. ஒரு நாள் தும்பி. எந்த ஆபீஸ்ல சார் வெட்டுக்கிளி பறக்குது?"

"கேட்டிருக்கலாம் இல்ல?"

"எதைக் கேக்கறது? ஆபீஸ் போறேன்னுட்டு எங்கயாவது ஏரிக்கரையில போய் சும்மா உக்காந்துட்டு வரீங்களோன்னு நெனச்சேன். வேலையே இல்லாத ஆளுக்குக் கட்டி வெச்சுட்டாங்களேன்னு பாத்ரூம்ல போய் அழுதேன். உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. அதுவரைக்கும் என் வேஷத்தை நான் ஒரு தமாஷாகத்தான் நினைத்திருந்தேன். அதன் மறுபக்கம் ஒருத்தி தனியாக அழுதுகொண்டிருப்பாள் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. தலையைத் துவட்டுகிற மாதிரி துண்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

"எதுக்குச் சொல்லல?"

"ஆபீசருக்குத்தான் உன்னக் குடுப்பாங்கன்னு நெனச்சேன்."

"நெனச்சது சரிதான்" என்றாள். கொஞ்சம் கழித்து, "அப்பாகிட்ட நீங்களே சொல்லணும். நான் சொல்லமாட்டேன்" என்று குக்கரை மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து விவேக் நகர் வீட்டுக்குப் போனோம். முறிந்த குடையை மாமனார் முன்னால் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குடையைக் கையில் எடுத்துக் கம்பிகளைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"சேசிஸ்னா இன்னா?"

சொன்னேன்.

"மேல ஒண்ணுமே இல்லயா?"

"இல்ல மாமா."

"மழை வந்தா?"

"நனைவேன்."

"வெயிலு?"

"காய்வேன்."

முறிந்த கம்பி ஒன்றை நிமிர்த்திப் பார்த்தார். உள்ளேயிருந்து மாமியார் ஏதோ சொல்ல வந்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளேயே போய்விட்டார்.

"முன்னாடியே சொல்லியிருந்தா பொண்ணு குடுத்திருக்கமாட்டேன் மாப்ளே" என்றார் மாமனார் கடைசியில். கோபமாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார். "இப்ப இன்னா பண்றது? கோயில்ல எழுதியாச்சு."

அன்று கறிக்குழம்பு வைத்திருந்தார்கள். எனக்கு இரண்டு துண்டுதான் வந்தது. முந்தின ஞாயிறு ஐந்து.

ஒரு மாதம் அவர் என்னிடம் சரியாகப் பேசவில்லை. பிறகு ஒரு வியாழக்கிழமை, கோயில் கூட்டத்தில், அவர் தன் சிநேகிதரிடம் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "நம்ம மருமகன் இல்லாம இந்த ஊருக்கு ஒரு புது லாரி வராது. ஃபேக்டரில வண்டி ரெடியானா மொதல்ல இவரைத்தான் கூப்பிடுவாங்க. கேபினெல்லாம் வெச்சா சாதாரண டிரைவர் ஓட்டிடுவான். இது ஒண்ணுமே இல்லாத வண்டி. எல்லாராலயும் முடியாது." நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்து நின்றேன். பொய் சொல்லும் திறமை எனக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்திருந்தேன். பெண் கொடுத்த இடத்தில் என்னைவிடப் பெரிய கை இருந்திருக்கிறது. அந்தச் சிநேகிதர் அடுத்த வாரமே என்னிடம் வந்து, தன் மச்சானுக்கு ஃபேக்டரியில் ஒரு வேலை போட்டுத் தரச் சொன்னார்.

கார்மென்ட்ஸ் பெண்கள் வைத்த பேர் அதற்குள் விவேக் நகர் வரைக்கும் வந்துவிட்டது. மாமியார் மட்டும் அதைச் சொல்லமாட்டார். மற்றபடி சோடாக் கடைக்காரர் முதல் கோயில் உபதேசியார் வரைக்கும் எல்லோருக்கும் நான் சேசிஸ் மாப்பிள்ளைதான்.

அந்த வருஷக் கடைசியில் மனைவி ஒரு உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்காக ஹோசூர் வந்திருந்தாள். திரும்பும்போது, "உங்க வண்டியிலதான் வருவேன்" என்று பிடிவாதம். ஆளை ஏற்றக் கூடாது என்பது கம்பெனி ரூல். நான் ரூலை விளக்கிக்கொண்டிருக்கும்போதே லீடர் அவளை அண்ணி முறை வைத்து, "பாபி, செக்போஸ்ட் தாண்டி பஸ் ஸ்டாப்புல நில்லுங்க" என்று ஏற்பாடு செய்துவிட்டான். அத்திபெலே தாண்டியதும் அவள் ஏறினாள். புடவையை இழுத்துச் செருகி, என் குல்லாயைப் போட்டுக்கொண்டு, பலகையில் பாதி இடத்தைப் பிடித்து உட்கார்ந்து, முன் தகரத்தை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள்.

கிளம்பின நிமிஷத்திலிருந்து என்னவோ கத்திக்கொண்டே வந்தாள். இன்ஜின் சத்தத்தில் ஒரு எழுத்துக் கேட்கவில்லை. பயந்துபோய் நிறுத்தச் சொல்கிறாள் என்று நினைத்தேன். மனசுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, பார், எப்படிப்பட்ட வண்டியை இவன் தினமும் ஓட்டுகிறான் என்று. சந்தாபுரத்தில் ஓரம் கட்டினேன்.

"பயமா இருக்குதா? இறங்கிக்கறியா?"

"எதுக்கு நிறுத்தினீங்க?" என்றாள், முகமெல்லாம் புழுதியோடு. "முன்னாடி போற வண்டிய தாண்டுங்க, தாண்டுங்கன்னு எவ்ளோ நேரமா கத்தறேன்!"

அவளுக்கு அது அவ்வளவு பிடித்துவிட்டது. வழியெல்லாம் பஸ்காரர்கள் எட்டிப் பார்க்க, அவள் கையாட்டிக்கொண்டே வந்தாள். எவனோ ஒருவன் "மீதி எங்கம்மா?" என்று கேட்டதற்கு, "வீட்டுல இருக்குது, வந்து எடுத்துக்கோ" என்றாள். மூன்று மாதம் நான் டீக்கடைப் பின்பக்கம் ஒளித்து வைத்த விஷயத்தை அவள் ஹோசூர் ரோடு முழுக்கக் காட்டிக்கொண்டு போனாள்.

நான் இன்னும் சில வருஷம் அந்தப் பலகையில் உட்கார்ந்தேன். பிறகு வண்டிகள் கேபினோடு வர ஆரம்பித்தன. அதற்குப் பிறகு வண்டியையே ஒரு பெரிய டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள். கான்ட்ராக்டருக்கு எங்களில் பாதிப் பேர் வேண்டியிருக்கவில்லை. லீடர் டிரெய்லர் ஓட்டப் போனான். நான் தொம்மலூர் பக்கம் ஒரு ஆபீசில் ஸ்டாஃப் பஸ் டிரைவரானேன். சத்தியமாகச் சொல்கிறேன், பழைய வேலையை நினைத்து ஒரு நாளும் ஏங்கவில்லை. முதுகு வலிக்காக டாக்டரிடம் போனபோது, எக்ஸ்-ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்ன வேலை பண்ணீங்க?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி முந்திக்கொண்டாள். "லாரி ஃபேக்டரியில டெலிவரி செக்‌ஷன் சார்" என்றாள், கொஞ்சம்கூடச் சிரிக்காமல்.